கண்ணாடி ஏறலன்னா மோட்டார மாத்தணுமா?

கேள்வி: அண்ணா, நமக்கு காசிமேடு. செகண்ட்ஸ்ல வாங்கின பத்து வருஷ கார். டிரைவர் பக்க கண்ணாடி ஓகே, ஆனா லெஃப்ட் சைடு முன்கண்ணாடி டிரைவர் சீட்லருந்து அமுக்குனாலும் தூக்குனாலும் அசையவே மாட்டேங்குது, அதே கண்ணாடி அந்தப் பக்க டோர்ல இருக்கிற ஸ்விட்ச்ல சூப்பரா ஏறி எறங்குது. மெக்கானிக் மோட்டாரும், டிரைவர் டோர்ல எல்லா கண்ணாடிக்கும் சேத்து இருக்கிற மாஸ்டர் ஸ்விட்சும் சேத்து மாத்தணும், ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும்ன்றாரு. ஸ்பேர் கடையில போனா "எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது"ன்னு போர்டு. இன்னா பண்றது?

பதில்: மொதல்ல மோட்டார்ல கைய வெக்க உடாத தம்பி. அதான் அந்தப் பக்க ஸ்விட்ச்ல ஏறி எறங்குதுன்னு நீயே சொல்லிட்டியே, அப்புறம் மோட்டார்ல என்ன கோளாறு இருக்க முடியும்? ரெண்டு ஒயர்தான் அதுக்கு, பிளஸ் மைனஸ் மாத்தி குடுத்தா மேல, திரும்ப மாத்துனா கீழ, அவ்ளோதான்.

இன்னொண்ணு கவனி. இந்த மாதிரி பழைய மாடல்ல பெரும்பாலும் லெஃப்ட் டோர் ஸ்விட்சுக்கு எர்த்தே (மைனஸ்) டிரைவர் பக்க மாஸ்டர் ஸ்விட்ச் வழியாத்தான் போவும். லெஃப்ட் டோர் ஸ்விட்ச்ல ஏறவும் செய்யுது எறங்கவும் செய்யுதுன்னா நடுவுல வர்ற ரெண்டு ஒயரும் முழுசா இருக்குன்னு அர்த்தம். டிரைவர் கண்ணாடி வேல செய்யுறதால மாஸ்டருக்கு கரண்டும் வருது. மிச்சம் இருக்கிறது மாஸ்டர்ல அந்த ஒரு பட்டனுக்கு உள்ள இருக்கிற காண்டாக்ட் (அமுக்குனா தொட்டு கரண்ட விடுற குட்டி தகடு) மட்டும்தான். (புது கார்ங்கள்ல கன்ட்ரோல் யூனிட் வெச்சு வேற மாதிரி ஒயரிங், அதுக்கு இந்த கணக்கு செல்லாது.)

காசிமேட்டு உப்புக்காத்துல, மழையில கண்ணாடிய பாதி எறக்கிவிட்டு ஓட்டுனா அந்த காண்டாக்ட் பச்ச பூத்துடும், இல்ல கருகி கரி புடிச்சிருக்கும். பேட்டரி கழட்டிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனைல துணி சுத்தி பேனல நெம்பி எடு, ஒயர் சொருகியிருக்கிற கப்ளர கழட்டு. காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு இருவது தடவ அமுக்கி எடுத்தாலே நெறைய ஸ்விட்ச் உயிர் வந்துடும். அதுக்கும் வரலன்னா ஸ்விட்ச பிரிக்கணும், ஆனா வெள்ள துணி மேல வெச்சு பிரி, உள்ள இத்துனூண்டு ஸ்பிரிங் இருக்கும், எனக்கு ஒரு தடவ ஒண்ணு துள்ளி சீட்டுக்கு அடியில போய் அரமணி நேரம் டார்ச் அடிச்சு தேடுனேன். உப்புத்தாள் போட்டு தேய்க்காத, மேல் பூச்சு போயிடும். பெட்ரோல் வேண்டவே வேணாம்.

அப்பவும் வரலன்னா மாஸ்டர் ஸ்விட்ச் மட்டும் வாங்கு. பழசு கையில இல்லாம கடைக்கு போகாத. பின்னாடி ஸ்டிக்கர்ல பார்ட் நம்பர் இருக்கும், கப்ளர்ல எத்தன பின்னுன்னு எண்ணிப் பாரு, ஏன்னா ஒரே கார்லயே வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும். புதுப்பேட்டைல கழட்டுன ஸ்விட்ச் சீப்பா கெடைக்கும்தான், ஆனா அதுக்குள்ளயும் இதே கரி இருக்கலாம்ல, அதனால காரோட போயி, கப்ளர சொருகி நாலு கண்ணாடியும் ஏத்தி எறக்கிப் பாத்துட்டு அப்புறம் காசு குடு. ஸ்விட்சுக்கு நான் ஜி.பி. ரோட்டுல பில்லோட புதுசுதான் வாங்குவேன்.

அந்த போர்டுக்கு பயப்படாத. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி, பழுதான பொருள பில்லுல போட்ட நாளுக்குள்ள, நாளே போடலன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுக்க மாட்டேன்னு சொல்றது முறையற்ற வணிகம். பில்லு தர மறுக்கிறதும் அதே கணக்குதான். ஆனா நீ மாடல் மாத்தி வாங்கிட்டு வந்தாலோ, நீயே பிரிச்சு ஒடச்சாலோ இது பேசாது. கடைக்காரர் மசியலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடு. அதுலயும் ஆவலன்னா நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல. "பில் இல்லாம 200 கொறச்சுக்கிறேன்"னு சொன்னா மட்டும் மயங்கிடாத.

கேள்வி: எண்ணூர்லருந்து எழுதுறேன் சார், கால் டாக்ஸி ஓட்டுறேன். ஹெட்லைட் போட்டா ஸ்டியரிங் கிட்ட இருக்கிற ஸ்விட்ச் சுடுது, பிளாஸ்டிக் வாடை வருது. ஒரு வருஷத்துல ரெண்டாவது ஸ்விட்ச்.

பதில்: 100/90 பல்பு (ஹைபீம் 100 வாட்ஸ், லோபீம் 90) போட்டிருக்கீங்களா? கன்டெய்னர் லாரிக்கு நடுவுல ஓட்டுறவங்க பாதி பேரு போட்டிருக்காங்க. கம்பெனி பல்பு 60/55 வாட்ஸ், ஹைபீம்ல ரெண்டுக்கும் சேத்து 10 ஆம்பியர் இழுக்கும், உங்களது 16க்கு மேல. ரிலே (பெரிய கரண்ட ஸ்விட்ச் வழியா விடாம தனியா விடுற பொட்டி) இல்லாத வண்டில அவ்ளோவும் அந்த குட்டி காண்டாக்ட் வழியாவே போவுது, உருகாம என்ன செய்யும்? பழையபடி 60/55க்கு வாங்க, அப்புறம் ஸ்விட்ச மாத்துங்க. வெளிச்சம் பத்தலன்னா ரிலே வெச்ச ஒயரிங் செட் போடுங்க. மாத்தும்போது கப்ளரயும் பாருங்க, பின் பழுப்பேறி இருந்தா அதுவும் மாத்தியாவணும்.