திரித்துவத்தை, அதாவது ஒரே கடவுள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்களாக இருக்கிறார் என்ற கொள்கையை, ஏற்காத கிறிஸ்தவர்களும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். என் சொந்த அத்தையே அப்படித்தான்.

எங்களுடையது நெல்லைப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்ற அத்தை, ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகத் தொடங்கி, தாமிரபரணியில் மறுபடி முழுக்கு எடுத்தார். அதுகூட எங்கள் ஊரில் புதிதில்லை. கரையில் நின்ற அப்பா "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே" என்று கேட்கக் காத்திருக்க, பாஸ்டர் "இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே" என்று மட்டும் சொல்லி அத்தையை அமிழ்த்திவிட்டார். வீடு வந்து சேரும்வரை அப்பா வாயைத் திறக்கவில்லை.

அப்புறம்தான் கேட்டார்: "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே ஞானஸ்நானம் கொடுங்கன்னு இயேசுவே சொன்ன மத்தேயு 28:19 நீ வாசிச்சதே இல்லையா?"

"வாசிச்சேண்ணே. நாமங்கள்னா போட்டிருக்கு? நாமம்னுதானே இருக்கு. அது எந்த நாமம்னு, இயேசு கிறிஸ்துன்னு, அப்போஸ்தலர் 2:38-ல பேதுரு சொல்லிட்டாரே."

இது அத்தையின் சொந்த வாதம் இல்லை. 1913-இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே நடந்த ஒரு பெந்தெகொஸ்தே முகாம் கூட்டத்தில் மெக்கலிஸ்டர் என்ற கனடா நாட்டுப் போதகர், அப்போஸ்தலர்கள் இயேசுவின் நாமத்தில்தானே ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று சொல்ல, அது பற்றிக்கொண்டது. 1916-இல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபை திரித்துவமே தன் கொள்கை என்று எழுதி வைத்ததும் 156 ஊழியர்கள் வெளியேறினார்கள். ஏறத்தாழ கால்வாசிப் பேர்!

அவர்களுக்குக் கடவுள் ஒரே ஆள். பிதா, குமாரன், ஆவி என்பவை அவர் வெளிப்பட்ட விதங்கள். திரித்துவமோ கடவுள் தன்மை ஒன்று, ஆட்கள் மூவர் என்கிறது. மூன்று கடவுள்கள் என்று எந்தத் தரப்பும் சொல்வதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் திரித்துவத்துக்குச் சொன்ன உதாரணம் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி. ஒரே தண்ணீர் மூன்று நிலைகளில் வருவது அத்தை சபையின் கொள்கை அல்லவா? மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் என்ற போதகர் இந்த மாதிரி போதித்ததற்காகத்தான் ரோமாபுரிச் சபை அவரை விலக்கியது. டீச்சர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், பாவம்.

யெகோவாவின் சாட்சிகள் இதற்கு நேர் எதிர்த்திசை. பிதா மட்டுமே கடவுள், குமாரன் அவரால் படைக்கப்பட்டவர் என்பது அவர்கள் நம்பிக்கை. குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுஸை மறுத்துத்தான் 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் 'பிதாவோடு ஒரே தன்மையுடையவர்' என்று அறிக்கையிட்டது.

நான் திரித்துவத்தின் பக்கம்தான். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் "உம்முடைய சித்தத்தின்படியே" என்று இயேசு யாரிடம் ஜெபித்தார் என்று அத்தையிடம் கேட்டேன். அவருக்குள் இருந்த மனுஷத் தன்மை தெய்வத் தன்மையிடம் ஜெபித்தது என்றார். ஒரு தன்மை இன்னொன்றை 'நீர்' என்று அழைக்குமா என்பது எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

அப்பாவின் துருப்புச் சீட்டு 1 யோவான் 5:7. 'பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி... இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்' என்று பழைய மொழிபெயர்ப்பில் பளிச்சென்று இருக்கும். ஆனால் அந்தப் பகுதி பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அதை அப்பாவிடம் சொல்ல நான் பட்ட பாடு! இரண்டு நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. இப்போது அத்தை வந்தால், இயேசு பிதாவிடம் ஜெபிக்கும் யோவான் 17-ஆம் அதிகாரத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருகிறார்.