ஜேர்மனியில் அண்ணன் சம்பளத்தில் சபை வரி

ஜேர்மனியில் அண்ணன் சம்பளத்தில் கிறிஸ்தவ சபைக்கு என்று வரி வெட்டுகிறார்கள், அங்கே அரச சபை இருக்கிறதா, 9 சதவீதம் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, ஜேர்மனிக்கு அரச சபை, அதாவது அரசாங்கமே தன்னுடையதாக வைத்திருக்கும் திருச்சபை, கிடையாது. 1919 அரசியலமைப்பிலேயே அது முடிந்துவிட்டது. ஆனால் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து சபைகளுக்கான வரியை அரசாங்கமே சம்பளத்தில் வெட்டிக் கொடுக்கிறது. தொகையும் நீங்கள் பயப்படுவது போல சம்பளத்தில் 9 சதவீதம் இல்லை. வருமான வரியில்தான் 9 சதவீதம். பவேரியா, பாடன் வுர்ட்டம்பேர்க் மாநிலங்கள் என்றால் 8.

கல்முனை மெதடிஸ்ட் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரச்சினை அங்கேதான் இருக்கும் போல. நகரசபையில் பதியும்போது மதம் என்ற இடத்தில் அண்ணன் 'எவாங்கேலிஷ்' என்று போட்டிருப்பார். நமக்கு அது பொதுவாகப் புரட்டஸ்தாந்து. அங்கே அது வரி எடுக்கும் மாநிலச் சபையை, அதாவது அந்தப் பகுதிக்குரிய புரட்டஸ்தாந்து திருச்சபையைக் குறிக்கும். மெதடிஸ்ட் அங்கே சுயாதீன சபை, காணிக்கையில் நடப்பது, இந்த வரி எடுப்பதில்லை.

சம்பளச் சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மதக் குறியீடு 'ஏவ்' (ev) என்றிருந்தால், ஊர்ச் சபையில் ஞானஸ்நானச் சான்றிதழ் எடுத்து அனுப்புங்கள். அதைக் காட்டி, பதிவைத் திருத்தித் தரும்படி கேட்கட்டும்.

அவசரப்பட்டு 'சபையை விட்டு விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். அது இனிமேல் வெட்டுவதைத்தான் நிறுத்தும், போன காசு வராது. அப்புறம், அவர் அங்கேயுள்ள மாநிலச் சபையில் ஏற்கனவே சேர்ந்திருந்தால் இந்த வழி சரிவராது. கத்தோலிக்கர் என்றால் கதையே வேறு: மட்டக்களப்பில் ஞானஸ்நானம் பெற்றாலும் வரி உண்டு.