மும்மொழிப் பக்கமும் முறியாத கிரிட்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பக்க வடிவமைப்பு மென்பொருளைத் திறந்தவுடன் தலைப்பையும் படங்களையும் கண்ணுக்குப் பிடித்த இடத்தில் வைத்துவிடுகிறேன். கிரிட்டை, அதாவது பக்கத்தைப் பிரிக்கும் வழிகாட்டிக் கோடுகளை, எங்கிருந்து தொடங்குவது? (வெள்ளவத்தை)

பதில்: உரையை வாசிப்பதிலிருந்து. எத்தனை மட்டத் தலைப்புகள் வருகின்றன, மிக நீளமான பந்தி எது, படங்களுக்கு விளக்கவரி உண்டா என்பவற்றை அறியாமல் இழுக்கும் கோடுகளை வேலை நடக்கும்போது நீங்களே ஒவ்வொன்றாக மீறுவீர்கள். பிறகு தாளைக் கணக்கிடுங்கள். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ.; இரு புறமும் 15 மி.மீ. ஓரம் விட்டால் 180 மி.மீ. மிஞ்சும். அதை 4 பத்திகளாக (மேலிருந்து கீழாக ஓடும் நிரல்களாக) பிரித்து, இடையிடையே 4 மி.மீ. விட்டால் ஒரு பத்தி 42 மி.மீ. ஆகும். 10 புள்ளி (எழுத்தின் அளவைக் குறிக்கும் அலகு) தமிழ் உரைக்கு இது ஒடுக்கம். 'வடிவமைக்கப்பட்டுள்ளன' என்ற ஒரே சொல் ஏறத்தாழ ஒரு வரியையே பிடித்துக்கொள்ளும். ஆகவே இரண்டு பத்திகளை இணைத்து 88 மி.மீ. அகலத்தில் உரையை ஓடவிட்டு, மற்ற இரண்டைப் படங்களுக்கும் விளக்கவரிகளுக்கும் ஒதுக்குங்கள். வலது விளிம்பையும் நேராக்க வேண்டும் என்ற ஆசையையும் விட்டுவிடலாம். ஒடுங்கிய பத்தியில் அது சொற்களுக்கிடையே ஓட்டைகளைத்தான் உண்டாக்கும்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் டெங்கு விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் சம அகலப் பத்திகளில் இட்டோம். தமிழ் மட்டும் அடங்கவில்லை. எழுத்தை 80 சதவீதத்துக்கு ஒடுக்கலாமா? (தெஹிவளை)

பதில்: ஒடுக்க வேண்டாம். ஒடுக்கும்போது நிமிர்ந்த கோடுகள் மெலிந்து, கிடைக்கோடுகள் தடித்தபடியே நிற்கும். 'ண', 'ன' போன்ற அகன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபட்டு, சிறிய அளவில் ஒன்றையொன்று ஒத்துவிடும். கொழும்பின் சுவர்களிலும் அறிவித்தல் பலகைகளிலும் இப்படி நசுக்கப்பட்ட தமிழைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

மூன்று மொழிகளுக்கும் சம மதிப்பளிப்பதற்குச் சம அகலம் அவசியமில்லை. ஒரே புள்ளி அளவில் தட்டெழுதினாலும் மூன்று எழுத்துமுறைகளும் ஒரே பருமனாகத் தோன்றுவதில்லை. தமிழ் பெரும்பாலும் பெரிதாகத் தெரியும். எனவே எண்ணைப் பார்க்காமல், அச்சிட்ட தாளை வாசிக்கும் தூரத்தில் பிடித்து, கண்ணால் ஒப்பிட்டு அளவைத் தீர்மானியுங்கள். ஆங்கிலம் 10.5 புள்ளியாக இருக்கையில் தமிழ் 9.5 புள்ளியில் நன்றாகவே நிற்கக்கூடும். வரியிடைவெளியை மட்டும் மூன்றுக்கும் ஒன்றாக வையுங்கள். தமிழில் 'கி', 'கீ' மேலே எழும்பும், 'து', 'பு' கீழே இறங்கும். சிங்களத்திலும் மேலும் கீழும் குறிகள் வருகின்றன. அதிக இடம் கேட்கும் எழுத்துமுறைக்குப் பொருத்தமான இடைவெளியை, எடுத்துக்காட்டாக 15 புள்ளியை, அடிக்கோட்டுக் கிரிட்டாக (எழுத்துகள் அமரும் கிடைக்கோடுகளின் வரிசையாக) நிறுவினால் மூன்று பத்திகளின் வரிகளும் ஒரே மட்டத்தில் நிற்கும். பக்கத்தை 6 சிறு பத்திகளாகப் பிரித்து, முன்பக்கத்தில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் மும்மூன்று கொடுத்து, ஆங்கிலத்தைப் பின்பக்கத்துக்குக் கொண்டுசெல்வதும் நல்ல வழி. அதற்கும் அடங்காவிட்டால் உரையைச் சுருக்க வேண்டியதுதான். அது எழுதியவரின் பொறுப்பு, எழுத்துருவின் குற்றமன்று.

கேள்வி: அடொபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் உரையை ஒட்டியதும் 'கொழும்பு' என்ற சொல்லே உடைந்துபோகிறது. ஏன்? (கொட்டாஞ்சேனை)

பதில்: கொம்பு 'க'வுக்கு முன்னே செல்லாமல் பின்னே நின்று, 'பு'வின் உகரக் குறி தனித்து விழுகிறது என்றால், பந்தியின் எழுத்துகளைக் கோத்து வரியாக்கும் மென்பொருள் பகுதி ஐரோப்பிய மொழிகளுக்கானது என்று பொருள். பந்திப் பலகத்தின் பட்டியலில் 'அடொபி வேர்ல்ட்-ரெடி பராகிராஃப் கம்போசர்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அதைப் பந்தி ஸ்டைலிலேயே (பந்திக்கெனச் சேமித்துவைக்கும் அமைப்பிலேயே) பதிந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டெழுதிய உரையில் இந்தக் கோளாறு தோன்றாது, ஆனால் அங்கே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளே. பிடிஎஃப்பில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் அகப்படாது. முதலில், தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்ட வசதியில்லாத மாணவி நான். எதைக் கற்பது? (வத்தளை)

பதில்: பல பக்க அச்சு வேலைக்கு ஸ்கிரைபஸ் என்ற மென்பொருள் இலவசம், 2024இல் வெளிவந்த அதன் 1.6 பதிப்பு தமிழைச் சரியாகக் கோக்கிறது. திரைக்கான வடிவமைப்புக்கு ஃபிக்மாவின் இலவசத் திட்டம் போதும். அது ஆர்ஜிபி நிறங்களில் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவையில்) இயங்குவதால் அச்சகத்துக்குப் பொருந்தாது. படங்களைத் திருத்துவதற்கான போட்டோஷொப்பில் சிறுநூல் செய்யாதீர்கள்.

கேள்வி: 14 பக்கச் சிறுநூலை அச்சகம் ஏற்க மறுக்கிறது. (மருதானை)

பதில்: நடுவில் கம்பி தைக்கும் நூலில் ஒரு தாளை மடித்தால் 4 பக்கங்கள் வரும், ஆகவே 12 அல்லது 16 பக்கங்களாக்குங்கள். ஓரம்வரை நிறமோ படமோ செல்லுமானால் நான்கு புறமும் 3 மி.மீ. கூடுதலாக நீட்டி, ஏ4 பக்கத்தை 216 × 303 மி.மீ. அளவில் அனுப்புங்கள்.