பட்ஜெட்டில் எந்தப் பத்தியைப் படிப்பது?

கேள்வி: வருஷா வருஷம் மாநகராட்சி பட்ஜெட்டில் சாலை, பாதாளச் சாக்கடை, பூங்கா என்று கோடிக்கணக்கில் அறிவிக்கிறார்கள். எங்கள் தெருவில் இன்றும் மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வாசற்படி வரை வருகிறது. 2022-ல் வரியை மட்டும் தவறாமல் ஏற்றிவிட்டார்கள். இந்த பட்ஜெட்டைப் படித்து என்ன ஆகப்போகிறது?
- வாசகி, ஆனையூர், மதுரை

பதில்: உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் உங்கள் கடைசி வரியை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நாம் படிக்காமல் விடுகிற பக்கங்களில்தான் உங்கள் தெருவுக்கான பதில் இருக்கிறது.

பட்ஜெட் நாளில் மன்றத்தில் வாசிக்கப்படுவது வரப்போகும் ஆண்டின் மதிப்பீடு. பத்திரிகைக்காரர்கள் நாங்களும் அதையே தலைப்பாகப் போட்டுவிடுகிறோம். அது எங்கள் தவறு. அச்சிட்ட பட்ஜெட் புத்தகத்தில் அந்தத் தொகைக்குப் பக்கத்திலேயே வேறு பத்திகளும் உண்டு. நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு ஒன்று, முடிந்துபோன ஆண்டின் உண்மைக் கணக்கு இன்னொன்று. உதாரணத்துக்குச் சொல்கிறேன்: வடிகாலுக்குப் பத்து ரூபாய் என்று அறிவித்து, திருத்தத்தில் அது ஆறாகி, கணக்கில் மூன்றாக நின்றுபோயிருந்தால், இந்த வருஷம் அறிவிக்கும் பன்னிரண்டு ரூபாயை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நீங்கள் தேட வேண்டியது ‘குடிநீர் மற்றும் வடிகால் நிதி’ என்ற பகுதியை. வருவாய் மற்றும் மூலதன நிதி, ஆரம்பக் கல்வி நிதி இரண்டும் தனிக் கணக்குகள்.

அடுத்தது, இதைவிட முக்கியம். பெரிய வேலைகளுக்கான பணம் பெரும்பாலும் மத்திய, மாநில அரசுகளின் மானியமாகவும் கடனாகவும் வருகிறது. தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்கு முல்லைப் பெரியாறு தண்ணீரைக் கொண்டுவரும் குடிநீர்த் திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 1,296 கோடி ரூபாய். ஒரு மாநகராட்சி தன் கையிலிருந்து எடுத்து வைக்கக்கூடிய தொகையா அது? ஆனால் குழாய் பதித்து முடித்த மறுநாளிலிருந்து வால்வு மாற்றவும், கசிவை அடைக்கவும், மோட்டார் ஓட்டவும், ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் உள்ளூர் வருமானம் வேண்டும். நீங்கள் கட்டும் சொத்து வரி அங்கேதான் போக வேண்டும். 2016-ல் மதுரை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. அந்தத் திட்டமே 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. அதில் கட்டிய பெரியார் பேருந்து நிலையமும் மாசி வீதிகளில் போட்ட தளமும் இனி யார் பொறுப்பு? ஒவ்வொரு பட்ஜெட்டிலும் புதுக் கட்டடங்களின் பட்டியலோடு, ஏற்கெனவே கட்டியதைப் பராமரிக்க எவ்வளவு என்று ஒரு பக்கம் இருந்தாக வேண்டும். அதை நாம் கேட்பதே இல்லை.

மாரியம்மன் தெப்பக்குளம் எத்தனை வருஷம் வறண்டு கிடந்தது என்பதை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தைத் தெப்பத்தன்று தண்ணீரில்லாமல் தெப்பம் மிதக்காமல் நிலைத்தெப்பமாக நின்றதைப் பார்த்து வயதானவர்கள் கண் கலங்கியிருக்கிறார்கள். வைகையிலிருந்து வரும் பனையூர் கால்வாயைச் சரிசெய்ததும் குளத்தில் தண்ணீர் வந்தது. திருமலை நாயக்கர் காலத்துக் குளத்துக்குத் தேவைப்பட்டது புதுக் கட்டடம் அல்ல, அடைப்பு எடுத்த வாய்க்கால். நகருக்குள் ஓடும் கிருதுமால் நதிக்கு இன்றுவரை அந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

சரி, ஆனையூருக்கு வருவோம். 2011-ல் 72 வார்டுகள் 100 ஆனபோது மாநகராட்சியில் சேர்ந்த ஊர் உங்களுடையது. அவனியாபுரத்திலிருந்தும் திருப்பரங்குன்றத்திலிருந்தும் எங்களுக்கு வரும் கடிதங்கள் இதே குறையைத்தான் சொல்கின்றன. 2022-ல் பரப்பளவுக்கு ஏற்ப வீட்டு வரி 25 முதல் 100 சதவீதம் வரை உயர்ந்தபோது, சாக்கடை இணைப்பு இல்லாத தெருக்களுக்கும் சேர்த்துத்தான் உயர்ந்தது. இது அநியாயம். அதை உரக்கச் சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

எங்கே சொல்வது? வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறை சொல்லும் பகுதி சபைக் கூட்டத்தில். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் தமிழகம் முழுக்க இதைத் தொடங்கினார்கள். பல தெருக்களில் இப்படி ஒரு கூட்டம் நடப்பதே தெரியாது. உங்கள் கவுன்சிலரிடம் தேதி கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். ‘எங்களுக்கு வடிகால் வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். தெருவின் பெயரைச் சொல்லி, எஸ்டிமேட் போட்டாகிவிட்டதா, டெண்டர் விட்டாயிற்றா, ஒர்க் ஆர்டர் எந்தத் தேதியில், எம்-புக்கில் (முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில்) இதுவரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வார்டு உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள். வாய்மொழிப் பதில் திருப்தி தராவிட்டால், பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி இதே கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

வந்த பதிலின் நகலை எனக்கு அனுப்பி வையுங்கள். இதே பக்கத்தில், உங்கள் தெருப் பெயரோடு, அப்படியே அச்சிடுகிறேன்.