அவர் வீட்டுச் சாமான்

அன்புள்ள ஐயா,

ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குவதற்கு வருடாவருடம் கெடுபிடி கூடுகிறது. காட்டை இத்தனை காலம் காத்ததே நம் சாமிகள்தானே? கும்பிட வருகிறவனை வனத்துறை ஏன் சந்தேகமாகப் பார்க்கிறது?

ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள தம்பி,

வனத்துறைக்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் அமாவாசை கழிந்த மறுநாள் காரையாற்றுக் கரையில் ஒரு நடை நடந்து பாருங்கள். ஆற்றில் விட்ட பழந்துணி மரவேரில் சுற்றிக் கிடக்கும். 1988 முதல் அந்தக் காடு புலிகள் காப்பகம். பக்தியைச் சொல்லிக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

சாமி காத்தார், சரி. திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் மருதமரங்களில் கூடுகட்டும் பறவைகளை ஊர்தான் பார்த்துக்கொண்டது. 2005இல் அரசு காப்பகமாக அறிவித்ததெல்லாம் பிறகு.

உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் குலசாமி சாஸ்தாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எட்டு வயதில் அந்தக் கோயில் ஒரு பீடம், இரண்டு மண்குதிரை, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நாவலும் இலுப்பையும் கொடியும். பங்குனி உத்திரத்துக்குப் போகும்போது பொங்கல் விறகும் வீட்டிலிருந்தே வண்டியில் வரும். காலடியில் காய்ந்த சுள்ளி குவிந்து கிடந்தாலும் தொடக்கூடாது. ஒருமுறை நான் ஒன்றைப் பொறுக்கிவிட்டேன். ஆச்சி அதட்டவில்லை. "போட்டுருல, அது அவரு வீட்டுச் சாமான்" என்றாள்.

அன்று சாயங்காலமே எல்லோரும் கிளம்பிவிடுவோம். அப்புறம் அடுத்த உத்திரம்தான். அந்த ஒருநாள் பொங்கலா தோப்பைக் காத்தது? மீதி 364 நாளும் நாங்கள் அந்தப் பக்கம் தலைகாட்டாததுதான் காத்தது. இதை நான் சொன்னால் சொந்தக்காரர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும். அடிக்கடி போய் நிற்பதுதான் பக்தி என்று யார் சொன்னது? சாஸ்தா கேட்டாரா?

பிறகு எங்கள் ஆட்கள் கையில் காசு புரண்டது. கார் போக வழி, தகரக்கொட்டகை, சமையல்கூடம், கிரானைட் தளம். இலை உதிர்ந்து தளம் அழுக்காகிறது என்று இரண்டு இலுப்பையையும் வெட்டினார்கள். அதன் கொட்டை எண்ணெயில்தான் அவருக்கு விளக்கு எரிந்தது; இப்போது பாக்கெட் எண்ணெய். திருப்பணிக்கு நானும் பத்தாயிரம் கொடுத்தேன். கல்வெட்டில் என் பெயர் இருக்கிறது, எழுத்துப்பிழையோடு.

போன உத்திரத்துக்குப் போயிருந்தேன். உச்சிவெயிலில் தளத்தில் கால் வைக்க முடியவில்லை. பொங்கல் பொங்கும்வரை எல்லோரும் ஏசியைப் போட்டுக் காருக்குள் உட்கார்ந்திருந்தோம்.