படி ஏறலாமா, தடி எந்தக் கையில்? – வாசகர் கேள்வி பதில்

முழங்கால் வலி, நடை, படி, காலணி பற்றி பினாங்கு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த மாதம் பதில்.

கேள்வி: எனக்கு 58 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் தொடங்கியிருப்பதாக எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படியேற ஆசை. பிள்ளைகள் தடுக்கிறார்கள். ஏறலாமா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: ஏறலாம் அம்மா, முன்கூட்டியே காலைத் தயார் செய்துகொண்டால். மொத்தம் 513 படிகள். ஏறுவதற்கு மூச்சு வேண்டும். முழங்காலுக்குச் சோதனை இறங்கும்போதுதான். சமதளத்தில் நடக்கும்போது முழங்கால் மூட்டில் விழும் பாரம் உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது அது மூன்றரை மடங்கை நெருங்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வொரு படியிலும் 240 கிலோ அளவு. அந்த நேரத்தில் உடம்பைப் பிடித்து நிறுத்தி மெதுவாக இறக்குவது தொடையின் முன்பக்கத் தசை. அது பலவீனமாக இருந்தால் பாதி வழியிலேயே களைத்துவிடும். கால் நடுங்கும், முழங்கால் மடிந்து கொடுக்கும். “ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, இறங்கும்போதுதான் உயிர் போனது” என்று பலரும் சொல்வது இதனால்தான்.

எனவே முதலில் தொடைக்குப் பலம் சேருங்கள். எட்டிலிருந்து பத்து வாரம் வேண்டும். தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். தீபாவளிப் பலகாரம் தீர்ந்த கையோடு தொடங்கினால் சரியாக இருக்கும். சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்காரும் உயரம் 45 செ.மீ. அளவு இருக்கட்டும். லேசான பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சறுக்கும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள். பிறகு மனத்துக்குள் நான்கு எண்ணி மெதுவாக உட்காருங்கள். 10 தடவை, சற்று ஓய்வு, மறுபடி 10 தடவை. வாரம் மூன்று நாள். பெரும்பாலோர் கோட்டை விடுவது கடைசிச் சாணில்: தொப்பென்று விழுந்து உட்காருவார்கள். படி இறங்கும்போது வேலை செய்யவேண்டிய தசைக்குப் பயிற்சியே அந்தக் கடைசிச் சாணில்தான் இருக்கிறது. இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்ந்தாலும் பயன் குறையும். முழங்கால் பாத விரல்களின் நேர்க்கோட்டில் நிற்கட்டும். எழவே முடியவில்லையென்றால் இருக்கையில் ஒரு கெட்டியான திண்டைப் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் கழித்து அடுக்குமாடிப் படிக்குப் போகலாம். முதலில் இரண்டு மாடி படியில் ஏறி, மின்தூக்கியில் இறங்குங்கள். இரண்டு வாரம் இப்படிப் போகட்டும். அதன்பின் கைப்பிடியைப் பிடித்தபடி படியிலேயே இறங்குங்கள்; வாரத்துக்கு மூன்று மாடி வரை கூட்டுங்கள். ஒரு மாடிக்கு 17 படி என்று வைத்தால் தண்ணீர்மலை கிட்டத்தட்ட 30 மாடி. ஒரே மூச்சில் 30 மாடி பழக வேண்டியதில்லை. நின்று நின்று 15 மாடி ஏறி இறங்கி, மறுநாள் காலையில் முழங்கால் வழக்கம்போல இருந்தால் கோயிலுக்குப் புறப்படலாம்.

எவ்வளவு வலி வரை பொறுக்கலாம்? பத்துக்கு நான்கு என்று மதிப்புப் போடும் அளவு வலி பயிற்சியின்போது வந்தால் பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். முழங்கால் வீங்கினாலோ, காலையில் முன்பைவிட அதிகம் வலித்தாலோ அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். அடியோடு நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் தசை கரையும், அடுத்த மாதம் வலி கூடும்.

ஒரு யோசனை: தைப்பூசத்தன்று ஏறாமல் அதற்கு முந்தைய வாரம் விடியற்காலையில் ஏறுங்கள். விழாவன்று கூட்டத்தின் வேகத்துக்குத்தான் இறங்க முடியும், உங்கள் முழங்காலின் வேகத்துக்கு அல்ல. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். நீரிழிவு இருந்து பாதம் மரத்துப்போகிறது என்றால் வெயில் ஏறிய படியில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. சுட்டது தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம் இருக்கும்.

கேள்வி: உட்கார்ந்து எழும்போது முழங்காலில் ‘கடக் கடக்’ என்று சத்தம். வலி இல்லை. குளுக்கோசமின் (மூட்டுக்கென்று விற்கும் சத்து மாத்திரை) சாப்பிட வேண்டுமா?
– வாசகர், பாயான் பாரு

பதில்: வேண்டாம். வலியோ வீக்கமோ இல்லாத சத்தத்துக்கு மருந்து தேவையில்லை. தேய்மானத்துக்கே குளுக்கோசமினின் பலன் உறுதியாகவில்லை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. முழங்கால் மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், நடக்கையில் திடீரென மடிந்து கொடுத்தால், அப்போது காட்டுங்கள். மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கேள்வி: என் மாமியாருக்கு வலது முழங்காலில் வலி. வலது கையில் குடையை ஊன்றி நடக்கிறார். தடி வாங்கிக் கொடுக்க நினைக்கிறோம். எந்த உயரம்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முதலில் கையை மாற்றச் சொல்லுங்கள். வலது முழங்கால் வலிக்கு இடது கையில் தடி. நடக்கும்போது வலது காலோடு இடது கை முன்னால் வருவது இயற்கை. அந்தக் கை தடியில் அழுத்தும்போது வலது காலில் விழவேண்டிய பாரத்தில் ஒரு பங்கைத் தடி வாங்கிக்கொள்ளும். வலிக்கும் பக்கத்திலேயே ஊன்றினால் உடம்பு அந்தப் பக்கமே சாய்ந்து, பாரம் கூடத்தான் செய்யும்.

குடை தடியாகாது. நுனி வழவழப்பு, நீளத்தை மாற்ற முடியாது, மழை வந்தால் விரிக்க வேண்டியதாகிவிடும்.

உயரம் பார்க்க, வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நிற்க வைத்து, கைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டின் ரேகை இருக்கும் உயரத்தில் தடியின் பிடி வரவேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை சற்றே மடிந்திருக்கும். தோள் தூக்கினால் தடி உயரம். முதுகு குனிந்தால் குட்டை. அலுமினியத் தடியில் பொத்தானை அழுத்தி உயரத்தை மாற்றியபின், பொத்தான் துளைக்குள் ‘டக்’கென்று விழுந்ததா என்று பாருங்கள்.

அடியில் இருக்கும் ரப்பர்த் தொப்பியை மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வளையங்கள் தேய்ந்து மழமழவென்றாகியிருந்தால் மாற்ற வேண்டும். மருந்தகங்களில் தனியாகவே கிடைக்கும். தடியின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள், 19 மி.மீ.க்கும் 22 மி.மீ.க்கும் ஒரே தொப்பி சேராது.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு வலிக்கும் காலும் தடியும். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். ஜார்ஜ் டவுன் பக்கம் கடைக்கு அழைத்துப் போனால் அஞ்சடியில் (கடைகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையில்) கவனம். ஒவ்வொரு கடை வாசலும் ஒரு மட்டம், இடையில் ஒற்றைப் படி, பழைய பளிங்குக்கல் மழைச்சாரலில் எண்ணெய் தடவினாற்போல் இருக்கும். கால்வாய் மூடியின் இடுக்கில் தடியின் நுனி இறங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் வாங்கித் தந்த விலையுயர்ந்த நடைக்காலணியைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்தேன். நான்கு வருடம் கழித்துப் போட்டு நடந்தேன். தாவரவியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. போலிச் சரக்கா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை ஐயா. மெத்தென்றிருக்கும் பாலியூரித்தேன் அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தால் சிறிது சிறிதாகச் சிதையும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சீக்கிரமே நடக்கும். போடாமல் மூடி வைத்த காலணியும் தப்பாது. நடு வழியில் அடிப்பாகம் கழன்றால் தடுக்கி விழ நேரும், அதுதான் ஆபத்து. நெடுநாள் பெட்டியில் கிடந்ததை எடுத்தால், வீட்டிலேயே அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ விரிசல் விட்டாலோ தூக்கி எறியுங்கள்.

புதிது வாங்குவதென்றால் மாலையில் போங்கள். அப்போது பாதம் சற்று உப்பியிருக்கும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகாலைச் சுற்றிய பகுதி அழுத்தினால் அமுங்கக் கூடாது. காலணி விரல்கள் மடியும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும்; நடுவில் மடிந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: இரவுச் சந்தையில் மூட்டுவலிப் பொடி வாங்கினேன். இரண்டே நாளில் வலி போய்விட்டது. மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். முகம் சற்று உப்பியிருக்கிறது. தொடரலாமா?
– வாசகி, நிபோங் தெபால்

பதில்: இரண்டு நாளில் மாயமாக வலி தீர்ந்ததே சந்தேகத்துக்குரியது. இப்படிப்பட்ட சில பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு (வீக்கத்தையும் வலியையும் வேகமாக அடக்கும் மருந்து) கலந்திருப்பதை மலேசிய சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் உப்புவது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுவது, தோல் மெலிவது, எலும்பு பலமிழப்பது எல்லாம் அதன் வேலை. பதிவு பெற்ற மருந்தின் உறையில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அதை மூட்டுக்காக வாங்கவே வேண்டாம்.

ஆனால் பயந்துபோய் இன்றே பொடியை நிறுத்திவிடாதீர்கள். மூன்று மாதம் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால் உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும்; சட்டென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, இரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். நாளைக் காலையே அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). பொடியின் உறையைக் கையோடு எடுத்துப்போய், ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி, எத்தனை வேளை, எப்போதிலிருந்து என்பதை எழுதிக் கொடுங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதை அங்கே மருத்துவர் சொல்வார்.