கூட்டம் ‘புட் ஆஃப்’ ஆனால் போக வேண்டுமா, வேண்டாமா?

கேள்வி: கும்பகோணத்திலிருந்து மணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பள்ளியில் ஆங்கில இலக்கணம் நன்றாகவே படித்தவள்தான் நான். ஆனால் வேலை செய்யும் இடத்தில், கூட்டம் வியாழனுக்கு ‘புட் ஆஃப்’ ஆகிவிட்டது என்றபோது, வியாழக்கிழமைக் கூட்டம் ரத்து என்று எண்ணிப் போகாமலிருந்து பேச்சு வாங்கினேன். இவற்றையெல்லாம் எப்படிக் கற்பது? வீட்டில் ‘கமிங் வித்?’ என்கிறார்களே, அது சரியான ஆங்கிலமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிவைப்பது, அடியோடு ரத்து செய்வது ‘கால் ஆஃப்’. அதே ‘புட் ஆஃப்’ விளக்கை அணைப்பதற்கும் வரும். ஊசிய குழம்பின் வாடையால் சாப்பிடும் ஆசையே போய்விட்டால் அதற்கும் வரும்.

இதில் மிரள ஒன்றுமில்லை. காட்டுதல், கொடுத்தல் ஆகிய இரண்டு சொற்களையும் அறிந்த ஓர் அயல்மொழிக்காரருக்குக் ‘காட்டிக்கொடுத்தான்’ என்பதில் உள்ள துரோகம் தானாக விளங்கிவிடுமா? விட்டுக்கொடுப்பதும் அப்படித்தான். நாம் இவற்றைப் பிரித்துப் பொருள் கூட்டிக் கற்கவில்லை. யாரோ யாரையோ காட்டிக்கொடுத்த கதையைக் கேட்டு, முழுச் சொல்லாகவே பிடித்துக்கொண்டோம். ஆகவே ‘கெட்’டில் தொடங்கும் இருபது தொடர்களை வரிசையாக மனப்பாடம் செய்வது, என்னைக் கேட்டால், வீண் வேலை. பால் தீர்ந்த காலையில் ‘வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்று காதில் விழுந்தால், அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிவையுங்கள். 1860-இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் வந்திறங்கியவர்கள் தொடங்கி இங்கு வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில் இன்று பெரும்பாலும் ஆங்கிலமே வீட்டுமொழி என்பதால், உங்கள் சமையலறையைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

சொல் வரிசையில் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். ‘கால் ஆஃப் த மீட்டிங்’, ‘கால் த மீட்டிங் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் கூட்டத்தை ‘இட்’ என்று சுட்டினால் அது நடுவில்தான் நிற்கும்: ‘கால் இட் ஆஃப்’. கவனித்துக்கொள்வதைக் குறிக்கும் ‘லுக் ஆஃப்டர்’ இப்படிப் பிரியாது. ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்றே சொல்ல வேண்டும். காதால் கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு: முன்னதில் அழுத்தம் ‘ஆஃப்’ மீது விழும், பின்னதில் ‘லுக்’ மீது விழும்.

‘கமிங் வித்?’ தென்னாப்பிரிக்கப் பேச்சு வழக்கு. ‘சேர்ந்து’ என்னும் பொருளுடைய ‘சாம்’ என்ற, இங்கு பேசப்படும் ஆஃப்ரிகான்ஸ் மொழிச் சொல்லின் சாயல் அதில் இருக்கிறது. யாருடன் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். நம் ‘கூட வர்றியா?’தான் அது. வீட்டில் தாராளமாகச் சொல்லுங்கள். அலுவலகக் கடிதத்தில் மட்டும் ‘வித் அஸ்’ என்று முடித்து எழுதுங்கள்.